சுகம் கேட்கக் கூடாத நாள்

ஜூலை 6, வியாழன்

காலைச் சர்க்கரை 131. மத்தியானம் 58.

இந்த நோட்டு அப்பச்சனின் சர்க்கரை, பிரஷர், மாத்திரை எழுதுவதற்கென்று அவர் மகள் சிம்ஹா வாங்கித் தந்தது. எனக்கு ஹீப்ரு எழுத வராதே என்றேன். உனக்குத் தெரிந்ததில் எழுது, எண் எனக்குப் புரிந்தால் போதும் என்றாள். எண்ணுக்குக் கீழே நான் கிறுக்குவது எதுவும் அவளுக்குப் புரியாது. நல்லதாய்ப் போயிற்று.

58-க்குக் காரணம் கிழவரின் திருட்டுத்தனம். இன்று யூதர்களுக்கு ஒரு சின்ன நோன்பாம். எருசலேம் கோட்டைச் சுவரை எதிரிகள் உடைத்த நாள். இன்றிலிருந்து மூன்று வாரம் துக்கம், அதன் முடிவில் பெரிய நோன்பு, கோயில் எரிந்த நாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கொடுத்த ரொட்டியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டு, "தின்னாச்சு மோளே" என்று வெறும் தட்டைக் காட்டினார். ஒரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கண் செருகிவிட்டது. சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றி, கன்னத்தில் தட்டி, எங்கள் ஊர் சவேரியாரைக் கூப்பிட்டு ஒருவழியாக மீட்டேன்.

பெயர் பெசலேல். வயது எண்பத்து நாலு. பதினைந்து வயதில் கொச்சியிலிருந்து இங்கே வந்தவர். பேர்ஷெபாவுக்குப் பக்கத்தில் இந்தக் கிராமம், பாதிப் பேர் கொச்சிக்காரர்கள், சுற்றிலும் வெறும் பாலைவனம். அவர் பேசுவது மலையாளம். குளச்சல் கடற்கரையில் பிறந்து, அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த எனக்கு அது பக்கத்து வீட்டுப் பாஷைதான். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

சாயங்காலம் சிம்ஹா வந்து கத்தினாள். பெரிய நோன்பு அன்றைக்கு இப்படிச் செய்தால் அப்பா பிழைக்க மாட்டார், உன் பொறுப்பு கில்டா என்றாள்.

இரவு நாத்தனார் ஆன்சலினிடமிருந்து மெசேஜ். "மைனி, சாமியார் மறுபடியும் கேக்காரு. அண்ணனுக்குப் பூசை வைக்கலாமா? நீங்க சரின்னு சொன்னாத்தான் கல்லறையில சிலுவை நடுவாவளாம்."

அவர் மீன்பிடிக்கப் போன படகு காணாமல் போய்ப் பதினொரு மாதம். காணாமல் போனது வேறு, செத்தது வேறு. பதில் போடவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

சர்க்கரை 140. பிரஷர் பரவாயில்லை. மூன்று வாரமும் பாட்டுக் கேட்கக் கூடாதாம். ரேடியோவின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். முடி வெட்டவும் கூடாது. தாடி இப்போதே ஆட்டுக்கிடாய் மாதிரி இருக்கிறது என்றேன். சிரித்தார்.

வீடு ரொம்ப அமைதி. ஃப்ரிட்ஜ் ஓடுவது கூடப் பெரிதாகக் கேட்கிறது.

ஜூலை 11, செவ்வாய்

சர்க்கரை 138. மீன் குழம்பு வைத்தேன், புளி கொஞ்சம் தூக்கல்.

மத்தியானம் மூன்று மணிக்கு வாசல் கேட்டின் கொக்கி கழன்று விழும் சத்தம் கேட்டது. இந்த வெயிலில் நாய்கூட வெளியே தலை நீட்டாது. போய்ப் பார்த்தேன். கேட் பாதி திறந்திருந்தது. ஆள் இல்லை. மாட்டிவிட்டு வந்தேன்.

"யாரு மோளே?" என்றார் அப்பச்சன்.

"யாருமில்ல."

"வருவாங்க. இந்த மூணு வாரத்துல வருவாங்க. வந்து கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுப் போவாங்க. ஒண்ணும் செய்யமாட்டாங்க."

"யாரு வருவா?"

"அவங்கவங்க ஆளு" என்று சொல்லிவிட்டு, பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுத் தூங்கிவிட்டார். பேய் வந்து உட்கார ஒரு புளியமரம் கூட இல்லாத ஊரில் என்ன பேய். நான் சிரித்தேன். ஆனால் கொக்கியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்தேன்.

ஜூலை 13, வியாழன்

சர்க்கரை 149. மூன்று மணிக்குக் கொக்கி. காற்று இல்லை.

ஜூலை 16, ஞாயிறு

ஆன்சலின் ஃபோன் செய்தாள். எடுத்துவிட்டேன், மகள் அபிஷாவாக இருக்கும் என்று நினைத்து.

"மைனி, மத்த வீட்டுக்காரவியெல்லாம் அடக்கம் முடிச்சாச்சு. சட்டையையும் வேட்டியையும் பெட்டியில வச்சு அடக்கினாவ. நம்ம வீட்டுல மட்டுந்தான் பாக்கி. அபிஷா பள்ளிக்கூடத்துல அப்பா என்ன செய்யுதாருன்னு கேட்டா என்ன சொல்லுவா சொல்லுங்க."

"கடலுக்குப் போயிருக்காருன்னு சொல்லட்டும்."

"மைனி..."

"உன் அண்ணன் செத்ததை நீ பாத்தியா?"

அவள் அழுதாள். நான் ஃபோனை வைத்துவிட்டேன். இந்த விசாவை வாங்கித் தந்ததே அவர்தான். படகு போனபின் இரண்டு மாதம் கடற்கரையில் நின்றேன், அப்புறம் விசாத் தேதி முடியப் போகிறது என்று ஏறி வந்துவிட்டேன். ஊர் என்னென்னவோ பேசியது. பேசட்டும். அவர் வந்து கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சர்க்கரை எழுத மறந்துவிட்டேன். 150 என்று போடுகிறேன்.

ஜூலை 19, புதன்

இன்றிலிருந்து ஒன்பது நாள் இன்னும் கடுமை. இறைச்சி இல்லை. துணி துவைக்கக் கூடாது. கிழவர் படுக்கையில் மூத்திரம் போனால் என்ன செய்வதாம் என்று கேட்டேன். அதற்கு அனுமதி உண்டாம். எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எரிந்துபோன கோயிலுக்கு இப்போது எதற்கு அழுகை என்று கேட்டுவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அழுதவங்க செத்துப் போயிட்டாங்க மோளே. அழுகை பாக்கி இருக்கே" என்றார்.

ஜூலை 20, வியாழன்

சர்க்கரை 137.

சிம்ஹா ஃபோனில் கேட்டாள்: "மத்தியானம் எதுக்குத் தரையில உட்கார்ந்திருக்கே? சோபா இருக்கே. முதுகு வலியா?"

நான் உட்காரவில்லை என்றேன். இரண்டிலிருந்து நாலு வரை அவர் தூங்குவார், நானும் என் அறையில் கட்டிலில் படுப்பேன். கூடத்தில் கேமரா வைத்திருக்கிறாள், ஆபீசிலிருந்தே அப்பாவைப் பார்ப்பதற்கு. அதில் பதிவானதை எனக்கு அனுப்பினாள்.

மூன்று மணி இரண்டு நிமிடம். வாசல் கதவுக்கு எதிரே தரையில் ஒருத்தி காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். என் பச்சை நைட்டி. தலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்பதுபோல. அப்புறம் வாய் அசைகிறது. சத்தம் பதிவாகவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே. கடைசியில் எழுந்து, யாருக்கோ வழி விடுவதுபோல் ஒதுங்கி நின்று, கேமராவைத் தாண்டி என் அறைக்குள் போகிறாள்.

நான் கட்டிலில்தான் படுத்தேன். கட்டிலில்தான் எழுந்தேன்.

இரண்டு முறை பார்த்தேன். முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன், தரையின் சிவப்பு ஓட்டுப் பொடி ஒட்டியிருந்தது. வெக்கை. வெக்கையில் புத்தி பிசகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்தானே. சிம்ஹாவிடம் முதுகு வலி என்றே சொல்லிவிட்டேன்.

ஜூலை 22, சனி

மத்தியானம் தூங்கவில்லை. கூடத்தில் சோபாவில் விழித்தபடி இருந்தேன். மூன்று மணிக்குக் கொக்கி விழுந்தது. கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை 24, திங்கள்

சர்க்கரை 144.

நோன்பு புதன் சாயங்காலம் தொடங்கி வியாழன் இருட்டும்வரை. தண்ணீர்கூடக் கிடையாது. டாக்டர் ஃபோனில் அப்பச்சனிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார், கூடாது என்று. அவர்களுடைய மதகுரு ரபியும் கூடாது என்றுவிட்டார். கிழவர் யார் சொல்லையும் கேட்பதாக இல்லை. பதிமூன்று வயதிலிருந்து ஒரு வருஷம் தவறவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாத்திரையைத் துப்பினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உமக்குப் பதிலா நான் இருந்து தொலைக்கேன். நீரு வாயைத் திறந்து தின்னும்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "சும்மா சொல்றியா?"

"தவக்காலத்துல ஒருசந்தி இருந்து பழகின உடம்புதான்."

"இருக்கலாம். ஆனா யாருக்காக இருக்கேன்னு நீ சொல்லணும்."

"உங்க கோயிலுக்காகத்தான். வேற யாருக்கு."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மாத்திரையைப் போட்டேன், விழுங்கினார்.

ஜூலை 26, புதன்

மத்தியானம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஜெபக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெஞ்சுகளைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று யாரும் உயரத்தில் உட்காரக் கூடாது. வேதச் சுருள் வைக்கும் பெட்டியின் முன்னால் எப்போதும் தொங்கும் சரிகைத் திரையைக் கழற்றிவிட்டார்கள். வெறும் மரக்கதவு தெரிந்தது. தாலி கழற்றிய கழுத்து மாதிரி இருந்தது. என் கை என் கழுத்துக்குப் போயிற்று. இருக்கிறது.

வெயில் சாயும் முன் வீட்டில் கடைசிச் சாப்பாடு. வெறுந்தரையில் உட்கார்ந்து, அவித்த முட்டையைச் சாம்பலில் தொட்டுத் தின்ன வேண்டும். அவரைத் தூக்கி மெத்தை போட்டுத் தரையில் இறக்கினேன். நானும் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"அங்க போ. அந்த மூலைக்கு" என்றார். "இந்தச் சாப்பாட்டுக்கு மூணு பேர் சேர்ந்து உட்காரக் கூடாது. தனித்தனியாத் தின்னணும்."

"நாம ரெண்டு பேருதானே அப்பச்சா?"

அவர் முட்டையைத் தொட்டார், தின்றார். கண் மட்டும் ஒருமுறை வாசல் பக்கத்து மூலைக்குப் போய் வந்தது. நானும் பார்த்தேன். துடைப்பம் இருந்தது. வேறொன்றுமில்லை. சாம்பல் பல்லில் நறநறவென்றது. அதன் பிறகு நான் தண்ணீர் குடிக்கவில்லை.

ஜூலை 27, வியாழன்

சர்க்கரை காலை 129. அவர் பாலும் ரொட்டியும் தின்றார், சொன்ன சொல் தவறாமல். அழுதுகொண்டே தின்றார்.

பத்தரை மணிக்குச் சர்க்கரை பார்க்கும் பட்டை தீர்ந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சிப்போராவுக்கும் சர்க்கரை, அவளிடம் இருக்கும். ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன், தோல் செருப்பு இன்று ஆகாது. குளிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, எல்லாம் சொல்லித் தந்திருந்தார். ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். அவருக்கு அது மூச்சு விடுவதுபோல, சொல்ல வேண்டும் என்றே தோன்றியிருக்காது.

தெருவில் முதலில் வந்தவர் தபால்காரரின் அப்பா. தினமும் நான் ஷாலோம் சொன்னால் இரண்டு ஷாலோம் திருப்பிச் சொல்கிற மனுஷர். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார். அடுத்து இரண்டு பெண்கள். சொன்னேன். என்னை ஊடுருவிக்கொண்டு பார்வை எங்கேயோ போயிற்று. சிப்போரா வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்டதும் "கில்டா மோளே, வா வா" என்று கட்டிப்பிடிக்கிறவள் இன்று கையைக்கூட அசைக்கவில்லை. "சேச்சி, சுகமா?" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பட்டை வேண்டும் என்று சொன்னதும் அலமாரியை விரலால் காட்டினாள். எடுத்துக்கொண்டேன். போய்வருகிறேன் என்றேன். அதற்கும் ஒன்றுமில்லை.

வெளியே வந்தபோது பயம் வந்துவிட்டது. வெயில் தலையில் நிற்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, ஊர் முழுக்க மனுஷர் இருக்கிறார்கள், ஒருத்தர் கண்ணுக்கும் நான் தெரியவில்லை. நேற்று ராத்திரி எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அப்பச்சன் காலையில் என்னிடம் பேசினாரா, இல்லை நான்தான் பேசினேனா? என் கையை நானே கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. அதற்குப் பிறகும் பயம் போகவில்லை.

பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போதுதான் கேட்டது.

"சொகமா இருக்கியா பிள்ளே?"

பெஞ்சில் இல்லை. பெஞ்சுக்குக் கீழே நிழலில், தரையில். அவர் குரல். பதினாறு வருஷம் கேட்ட குரல், இதில் நான் ஏமாற மாட்டேன்.

"சொகந்தான். நீங்க?" என்றேன்.

"எனக்கென்ன. சொகம்."

அவ்வளவுதான். வெயிலில் கண் கூசியது, சரியாகப் பார்க்கவில்லை. அப்பச்சன் தனியாக இருக்கிறார், பட்டை கையில் இருக்கிறது, அதனால் நிற்கவில்லை. ஓடினேன். சிரித்துக்கொண்டே ஓடினேன்.

"அப்பச்சா, அவரு வந்துட்டாரு! எம் மாப்பிள்ளை! பஸ் ஸ்டாப்புல! பேசினாரு! நான் சொன்னேம்லா, உயிரோடதான் இருக்காருன்னு!"

தரையில் மெத்தையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார முயன்றார். நான் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பேசினான்?"

"சொகமான்னு கேட்டாரு."

"இன்னைக்கா? அவனா முதல்ல கேட்டான்?"

"ஆமா."

அவர் கை என் மணிக்கட்டை இறுக்கியது. "மோளே, இன்னைக்கு யாரும் யாரையும் சுகம் கேட்கமாட்டாங்க. துக்க வீட்டுல சுகம் கேட்பாங்களா? இன்னைக்கு ஊரே துக்க வீடு. கேட்டாலும் பதில் வராது. உன்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு."

அப்போதுதான் சிப்போராவின் முகம் திரும்பியது எதற்கென்று புரிந்தது. ஆனாலும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அவரு என்ன உங்க ஆளா? அவருக்கு உங்க சட்டம் தெரியுமா? குளச்சல்காரரு. கண்டாரு, கேட்டாரு."

"சரி, தெரியாது. ஒத்துக்கறேன். நீ எப்படி இங்க வந்தேன்னு கேட்டானா?"

"இல்ல."

"மகளைக் கேட்டானா?"

"இல்ல."

"பதினொரு மாசம் கழிச்சு வந்த புருஷன். பெண்டாட்டி உதடு வெடிச்சு வெயில்ல நிக்கிறா. எழுந்து கிட்ட வந்தானா? தனக்கு என்ன ஆச்சுன்னு சொன்னானா?"

"எனக்கென்ன, சொகம்னு சொன்னாரு."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

சிலுவைதாசன் என்கிற என் புருஷன் சுகம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் இல்லை. ஃபோனை எடுத்தால் இடுப்பு வலி, டீசல் விலை, ஐஸ் கரைந்துவிட்டது, முதலாளி மோசம், குழம்பில் உப்பு, அபிஷா முடியை ஏன் வெட்டினாய். கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியபோதுகூட வலை கிழிந்ததைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு குறையும் இல்லை. குரலில் ஒரு அலுப்பும் இல்லை.

நான் பார்க்கவில்லை என்று மேலே எழுதினேன். பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன்.

அப்பச்சன் என் கையை விடவில்லை. "யாருக்காக இருக்கேன்னு இப்பச் சொல்லு" என்றார்.

சொன்னேன். பெயரைச் சொன்னேன். சொன்னதும் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என் சத்தம் என்று முதலில் தெரியவில்லை. எங்கள் கடற்கரையில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், படகு காணாமல் போன சேதி வந்த அன்று எல்லாரும் வைத்தார்கள், நான் மட்டும் வைக்கவில்லை. இன்று வைத்தேன். அப்பச்சன் என்னைத் தடுக்கவில்லை. அவர் பாட்டுக்கு அவருடைய கோயிலுக்கான அழுகைப் பாட்டைப் பாடினார், நான் என் பாட்டுக்கு அழுதேன். மூன்று மணிக்கு கேட்டில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் அதைக் கவனித்தோம்.

இருட்டியதும் அவர்தான் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பாதி என் மடியில் கொட்டியது. சர்க்கரை 151.

ஜூலை 28, வெள்ளி

சர்க்கரை 133. மத்தியானம் வரை துணி துவைக்க வேண்டாம் என்றார். கோயில் மறுநாளும் எரிந்துகொண்டுதான் இருந்ததாம்.

ஆன்சலினுக்கு நானே ஃபோன் செய்தேன். பூசை வையுங்கள், சிலுவை நடுங்கள் என்றேன்.

"மைனி, சிலுவையில தேதி எழுதணும். மத்தவியெல்லாம் கடைசியா வயர்லெஸ்ல பேசின நாளைப் போட்டிருக்காவ. நமக்கும் அதையே போடட்டா?"

"வேண்டாம். அன்னைக்கு அவரு உயிரோட இருந்தாரு. திட்டிக்கிட்டு இருந்தாரு."

"பொறவு எந்தத் தேதி?"

அப்பச்சனைப் பார்த்தேன். தேதி தெரியாமல் செத்தவர்களுக்கு ஜெபம் சொல்லக் குளிர்காலத்தில் ஒரு நோன்பு உண்டு, அதுவரை வேண்டுமானால் பொறு என்று காலையில் சொல்லியிருந்தார். என்னால் பொறுக்க முடியாது.

"ஜூலை இருபத்தேழு."

"மைனி, அது நேத்துல்லா?"

"ஆமா" என்றேன். "அவரு நேத்துதான் செத்தாரு."